டெலிகாம் நிறுவனங்களின் கார்பன் கணக்கைப் படிக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

"ஏர்டெல் 50% குறைக்கப் போகுதாம்" என்று யாராவது சொன்னால், எதில், எந்த வருஷத்தோடு ஒப்பிட்டு, எந்த வருஷத்துக்குள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. முதல் தவறே அதுதான், சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொள்வது. ஏர்டெல் அறிவித்த இலக்கு: 2020-21 நிதியாண்டை அடிப்படையாக வைத்து 2030-31க்குள் ஸ்கோப் 1, 2 இரண்டும் சேர்த்து 50.2%, ஸ்கோப் 3-இல் 42%, அப்புறம் 2050க்குள் நெட் ஜீரோ, அதாவது குறைத்ததுபோக மிஞ்சும் வெளியீட்டையும் ஈடுகட்டி நிகரக் கணக்கைப் பூஜ்ஜியமாக்குவது. தானே எரிக்கும் டீசல் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, கருவி வாங்குவதில் தொடங்கி ஊழியர்களின் பயணம் வரை மற்றதெல்லாம் ஸ்கோப் 3.

டவர் என்றாலே ஜெனரேட்டர் புகைதான் பிரச்சினை என்று நினைப்பது இன்னொன்று. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கரன்ட் போகும் ஊரில் ஒரு டவர், தினமும் 4 மணி நேரம் ஜெனரேட்டர் ஓடுகிறது, மணிக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக ஒரு நாளைக்கு 21 கிலோ. மீதி 20 மணி நேரம் 2 கிலோவாட் வீதம் மின்வாரிய லைனில் இருந்து 40 யூனிட் இழுக்கிறது. நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரி என்பதால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.72 கிலோ, அது 29 கிலோ. புகையே கண்ணில் படாத பக்கம்தான் கனம் அதிகம். கரன்ட் போகாத நகரத்து டவரில் டீசல் பங்கு இன்னும் சுருங்கிவிடும்.

அந்த டவர் யாருடையது என்று பார்க்காமல் விடுவதுதான் எனக்குத் தெரிந்து பெரிய தவறு. இந்தியாவில் டவர் ஒரு கம்பெனிக்கு, அதில் தொங்கும் ஆன்டெனா வேறு கம்பெனிக்கு என்பது சர்வசாதாரணம். அதே டீசலை ஒருவர் ஸ்கோப் 1-இல் எழுதுவார், வாடகைக்கு இருப்பவர் ஸ்கோப் 3-இல் எழுதலாம். 2024 நவம்பரில் இண்டஸ் டவர்ஸ் என்ற டவர் கம்பெனி ஏர்டெல்லின் துணை நிறுவனமானது. அதற்கு முந்தைய வருஷ எண்ணையும் பிந்தைய வருஷ எண்ணையும் பக்கத்தில் வைத்து "கூடிப்போச்சு", "குறைஞ்சுபோச்சு" என்று சொல்வதற்குமுன், எல்லைக்கோடு எங்கே போட்டிருக்கிறார்கள், அடிப்படை ஆண்டைத் திருத்தினார்களா என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். புகை அதேதான், எழுதும் நோட்டுதான் மாறியிருக்கும்.

சரி, அடுத்து 'தீவிரம்' என்ற எண், அதாவது ஒரு ஜிபி டேட்டாவுக்கு இவ்வளவு, ஒரு ரூபாய் வருமானத்துக்கு இவ்வளவு என்று வருவது. டேட்டா இரண்டு மடங்காகி ஜிபிக்கு 40% குறைந்தால், மொத்தம் 20% கூடியிருக்கிறது என்று அர்த்தம், ஆனால் படத்தில் கோடு அழகாக இறங்கும். வருமானக் கணக்கு இதைவிட வேடிக்கை. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் ரீசார்ஜ் விலையை ஏற்றின, ஞாபகம் இருக்கும். வருமானம் ஏறினால் ஒரு சொட்டு டீசல் மிச்சமாகாமலேயே அந்த எண் இறங்கும். நாம் கூடுதலாகக் கட்டிய காசு கார்பன் சேமிப்பு மாதிரி தெரியும். மொத்த டன் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

ஸ்கோப் 2-இல் இரண்டு எண்கள் வரலாம். ஒன்று அந்தப் பகுதி மின்சாரத்தின் உண்மையான அழுக்கைச் சொல்லும், மற்றது பசுமை மின்சார ஒப்பந்தங்களையும் சான்றிதழ்களையும் கழித்துவிட்டுச் சொல்லும். இரண்டும் முறையானதுதான், ஒரு வருஷம் அது, மறு வருஷம் இது என்று ஒப்பிடுவதுதான் தப்பு.

நெட் ஜீரோ என்றால் மரம் நட்டுச் சரிக்கட்டுவது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அறிவியல் அடிப்படையிலான இலக்குகளுக்கு அங்கீகாரம் தரும் எஸ்பிடிஐ அமைப்பின் விதிப்படி பொதுவாக 90% அளவுக்கு நிஜமாகவே குறைத்தாக வேண்டும், மிச்சத்துக்குத்தான் ஈடுகட்டல். கார்பன் கிரெடிட், அதாவது வேறு யாரோ வெளியே குறைத்ததற்கான சான்றை வாங்கி 2030 இலக்கை எட்டியதாகக் காட்ட முடியாது.

கடைசியாக ஒன்று, இதையெல்லாம் விளம்பரப் பக்கத்தில் தேடாதீர்கள். பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் (BRSR) என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைத் தந்தாக வேண்டும். அதில் சுற்றுச்சூழல் பற்றிய ஆறாவது கோட்பாட்டின் கீழ் ஸ்கோப் 1, 2 கட்டாயக் கேள்வி. ஸ்கோப் 3 அதற்குக் கீழே, விருப்பம் இருந்தால் நிரப்பும் பகுதியில் இருக்கும். நான் முதலில் திறப்பது அந்தக் கட்டத்தைத்தான்.