'அரசுப் பதிவு பெற்றது' என்றால் என்ன பதிவு?

சென்ற ஜூன் மாதம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கல்லூரிக் கையேட்டோடு வந்தார். மகளுக்கு பி.சி.ஏ. சேர்க்கை. வழவழப்பான தாள், அட்டையில் தூரத்தில் பார்த்தால் நான்முகச் சிங்கம்போலத் தெரியும் ஒரு முத்திரை, அதன் கீழே 'அரசுப் பதிவு பெற்றது' என்ற வரியும் ஓர் எண்ணும். உற்றுப் பார்த்தால் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்த எண். கல்யாண மண்டபம் நடத்தும் அறக்கட்டளைக்கும் அப்படி ஓர் எண் உண்டு.

சேர்க்கைக் காலத்தில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். அறக்கட்டளைப் பதிவு, ஐஎஸ்ஓ சான்று, சிறுதொழில் பதிவு எதுவும் பட்டம் தரும் உரிமை ஆகாது. அந்த உரிமை யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது: மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம். அவ்வளவுதான். தன்னாட்சிக் கல்லூரிகூடத் தேர்வைத் தானே நடத்தலாம்; பட்டம் தருவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகமே. ஆகவே 'அங்கீகாரம் உண்டா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் உண்டு என்றே சொல்வார்கள். 'பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?' என்று கேளுங்கள்.

பெயரில் 'பல்கலைக்கழகம்' என்று இருப்பதை நம்புவது அடுத்த தவறு. உரிமையில்லாதவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்த அதே சட்டம் தடை விதிக்கிறது. தண்டனையாக அதில் எழுதியிருப்பது அதிகபட்சம் 1000 ரூபாய் அபராதம். பெயர்ப் பலகையின் விலை அதைவிட அதிகம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி முகவரியோடு வெளியிடுகிறது. ஆனால் அதில் பெயர் இல்லை என்று நிம்மதி அடையக் கூடாது. நேற்று முளைத்தது அதில் இருக்காது. பார்க்க வேண்டியது அங்கீகரிக்கப்பட்டவற்றின் பட்டியலை.

தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையான நாக் தரும் சான்று வேறு விஷயம். அது கல்லூரிக்குத் தரும் மதிப்பெண், அனுமதி அல்ல. காலாவதித் தேதியும் உண்டு.

கல்லூரி நல்லது, ஆகவே எல்லாப் படிப்பும் செல்லும் என்று எண்ணுவதுதான் படித்தவர்களும் செய்யும் பிழை. சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில், மருந்தியலுக்கு பார்மசி கவுன்சில், பி.எட். படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவான என்சிடிஇ, பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ என்று ஒவ்வொன்றும் அனுமதி பெறத் தனி வாசல். 2024-25 முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ. படிப்புகளையும் ஏஐசிடிஇ தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முந்தைய அனுமதிக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டியிருப்பார்கள். நடப்பு ஆண்டின் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சாட்சி. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது, ஏஐசிடிஇ அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கியிருந்தன. நான்குமே பட்டம் தரும் உரிமை உள்ளவை. ஆனாலும் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் அவை செல்லும் என்றானது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. வேலையில் இருந்துகொண்டே படித்தவர்கள் பலர். பதவி உயர்வுக்கு நம்பியிருந்த காகிதம் ஒரே நாளில் செல்லாமல் போயிற்று. தொலைநிலை, இணையவழிப் படிப்பென்றால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்த ஆண்டு மூன்றும் பொருந்த வேண்டும்.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். விளம்பரங்களில் 'என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) அங்கீகாரம்' என்ற சொல்லைக் கண்டால் முகவரிடம் அதற்கான ஆணையைக் கேளுங்கள். அந்த ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகள் பார்ப்பது படிப்பின் அளவை: 54 மாதப் படிப்பு, ஆங்கிலவழிக் கல்வி, 12 மாத உள்ளுறைப் பயிற்சி. கல்லூரியின் புகழ் இதில் எதையும் ஈடுசெய்யாது.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் இருந்தபடியே கல்லூரிக்குப் போன் செய்து, பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது என்று கேட்டார். "இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம் சார், வகுப்பு தொடங்குவதற்குள் வந்துவிடும்" என்றது மறுமுனை. "வந்ததும் சொல்லுங்கள், அன்றைக்கே பணம் கட்டுகிறேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை, கட்டணத்தில் பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடி என்று குறுஞ்செய்தி வந்தது.