மழை வந்தால் உறையும் ஓடர் மிஷின்: நான் சரிசெய்த விதம்

ஹட்டனில் மச்சான் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஓடர் எடுக்கும் தொடுதிரை மிஷின் ஒன்று இருக்கிறது. மழை இறங்கினால் போதும், கொத்து ரொட்டியைத் தொட்டுவிட்டுப் படம் வருவதற்குள் ஆள் கவுண்டருக்கே போய்விடுவார். எல்லோரும் மிஷினைத்தான் திட்டினார்கள். பார்த்தால், ஒவ்வொரு தொடுதலும் 4ஜி டொங்கிள் (சிம் போட்டு இணையம் எடுக்கும் சின்னக் கருவி) வழியாக சிங்கப்பூர் சேர்வருக்குப் போய்த் திரும்புகிறது, கொழும்பிலிருந்தே அது சுமார் 2,700 கிலோமீட்டர்.

முதலில் ஃபைபர் லைன் எடுத்தோம். வேகம் கூடியது உண்மை, ஆனால் லைன் அறுந்தால் மறுபடி அதே கதை. அப்புறம்தான் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிப் பெட்டி ஒன்றை கேஷியர் மேசைக்குக் கீழே வைத்து மெனு, விலை, படங்கள் எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றினேன், மிஷினில் ஓடுவது வெறும் வெப் பக்கம்தான் என்பதால் பெரிய வேலை இல்லை. ஓடர் அங்கேயே எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் பதிவாகி நேரே சமையலறை பிரிண்டருக்குப் போகும். லைன் வந்ததும் கணக்கு மட்டும் சிங்கப்பூர் சேர்வருக்கு ஏறும். ஒவ்வொரு ஓடருக்கும் தனி இலக்கம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப அனுப்பும்போது ஒரே பில் இரண்டு தடவை விழும்.

லங்கா கியூஆரில், அதாவது போனில் குறியை ஸ்கேன் செய்து, கட்டும் பணம் மட்டும் இன்னும் இணையத்தை நம்பித்தான், பணம் வந்ததை வங்கிப் பக்கமிருந்து உறுதி செய்ய வேண்டுமே. அதற்காக டொங்கிளைக் கழற்றாமல் மாற்று வழியாக விட்டிருக்கிறேன். கரண்ட் போனால்? ரவுட்டருக்கும் அந்தப் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் போட்டாச்சு, திரைக்கு மச்சான் இன்னும் காசு தரவில்லை.