நூறு வருடத்து இசைத்தட்டுகளுக்கு நீங்களே ஒரு பிளேயர் கட்டுவது எப்படி

அரசாங்க இணையதளம் என்றால் படிவம் நிரப்பிவிட்டு வெளியே வரும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கொஞ்சம் கோடு (கணினி நிரல்) எழுதத் தெரிந்து, பழைய இசையிலும் ஆர்வம் இருந்தால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ என்று ஒரு தொகுப்பு 2011 முதல் இருக்கிறது. ஆரம்பிக்கும்போதே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், பெரும்பாலும் விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய தட்டுகள். இதை வைத்து உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு பிளேயர் கட்டலாம், ஏபிஐ சாவி (தளத்தின் தகவலை நிரல் வழியே கேட்க உதவும் அனுமதிக் குறியீடு) வாங்க வேண்டியதில்லை, பதிவு செய்துகொள்ள வேண்டியதும் இல்லை.

முதலில் அந்தத் தொகுப்பின் பக்கத்தைப் பிரவுசரில் திறங்கள். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, சிறிய ஆங்கில எழுத்தில் எஃப், ஓ, அப்புறம் சமக்குறி, ஜேசன் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். அதே பக்கம் படமும் அலங்காரமும் இல்லாமல் வெறும் ஜேசனாக, அதாவது நிரல் எளிதாகப் படிக்கும் தகவல் வடிவமாக வந்து நிற்கும். தேடல் பக்கம், தொகுப்புப் பக்கம், தனிப் பதிவின் பக்கம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மனிதர் படிக்கும் முகவரியும் நிரல் படிக்கும் முகவரியும் ஒன்றாகவே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எல்லா அரசுத் தளமும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கோடு எழுத உட்காரும் முன்னால் நான்கைந்து பதிவுகளின் ஜேசனைத் திறந்து கண்ணாலேயே படித்துவிடுங்கள். தலைப்பு, பாடியவர், தேதி எல்லாம் ஓரளவு ஒரே இடத்தில் இருக்கும், ஆனால் எல்லாப் பதிவிலும் எல்லாப் புலமும் இருக்கும் என்று நம்பி எழுதினால் எங்காவது உடையும். அப்புறம், பார்வையாளர் வரும்போதெல்லாம் அந்த சர்வரைக் கூப்பிடாதீர்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, பக்கம் பக்கமாக, நடுவில் இடைவெளி விட்டு, வேண்டிய தகவலை இழுத்து உங்கள் பக்கம் ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த பக்கத்தின் லிங்க் அந்த ஜேசனிலேயே வரும். அவசரப்பட்டு வரிசையாகக் கேட்டால் ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்று பொருள்படும் 429 என்ற பதில் வரும், வந்தால் நிறுத்திக் காத்திருங்கள். அது பொதுப் பணத்தில் ஓடும் சர்வர், மாணவரும் ஆராய்ச்சியாளரும் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள்.

உரிமை விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. அரசுத் தளத்தில் இருப்பதாலேயே எல்லாம் இலவசம் ஆகிவிடாது, இந்தத் தட்டுகளை வெளியிட்டது தனியார் நிறுவனம். 2018ல் வந்த இசை நவீனமாக்கல் சட்டத்தின்படி, 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாயின, அதாவது காப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடியவை ஆயின. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு நூறு வருடக் கணக்கு, அதனால் 1924ல் வெளியானவை 2025 ஜனவரி 1 அன்று வந்தன. இங்கே பலர் கவனிக்காத ஒன்று: தளத்தில் நீங்கள் பார்க்கும் தேதி பெரும்பாலும் பதிவான நாள், சட்டம் எண்ணுவதோ வெளியான ஆண்டை. டிசம்பரில் பாடியது அடுத்த வருடம்கூடக் கடைக்கு வந்திருக்கலாம், ஆகவே எல்லையில் நிற்கும் தட்டுகளை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். வேறு நாட்டில் வெளியிடுகிறீர்கள் என்றால் அந்த நாட்டுச் சட்டமும் உண்டு. பதிவின் பக்கத்தில் உள்ள உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டே பாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பிளேயர். எச்டிஎம்எல் தரும் சாதாரண ஆடியோ டேக் போதும். முன்கூட்டியே ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நூறு பாட்டுப் பட்டியலைத் திறந்தவரின் டேட்டா வீணாகும். தானாகப் பாட வைக்கவே வேண்டாம். பயனர் தொடாமல் சத்தம் எழுப்புவதைக் குரோம் 2018லிருந்தே தடுக்கிறது, மற்ற பிரவுசர்களும் அப்படித்தான். பட்டன்களைக் கீபோர்டில் மட்டும் இயக்கிப் பாருங்கள், திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) ஒவ்வொரு பட்டனையும் பெயர் சொல்லி வாசிக்கிறதா என்றும் பாருங்கள்.

இசைக்கலைஞர்களுக்காகக் வேகத்தை மாற்ற கட்டாயம் ஒரு ஸ்லைடர் வையுங்கள். அந்தக் காலத் தட்டுகள் எல்லாமே ஒரே சீராக நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல, நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கூடவே வாசித்துப் பழக நினைப்பவருக்கு அவருடைய கருவியின் சுருதியும் பாட்டின் சுருதியும் ஒட்டாமல் நிற்கும். ஆடியோ டேகில் பிளேபேக் ரேட் என்ற பண்பு வேகத்தை மாற்றும், ஆனால் பிரவுசர் சாமர்த்தியமாகச் சுருதியை மட்டும் பழையபடியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ‘பிரிசர்வ்ஸ் பிட்ச்’ என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும், அப்போதுதான் தட்டைக் கையால் வேகப்படுத்தியதுபோல் சுருதியும் சேர்ந்து ஏறும். வேகத்தை 1.0595 மடங்கு ஆக்கினால் அரை ஸ்வரம் மேலே போகும், அதே எண்ணால் வகுத்தால் அரை ஸ்வரம் கீழே.

இரைச்சலைக் குறைக்க பிரவுசரிலேயே உள்ள வெப் ஆடியோ ஏபிஐயின் பைகுவாட் ஃபில்டர் (ஒலி வடிகட்டி) இருக்கிறது. 1925க்கு முன் தட்டுப் பதிவில் பெரும்பாலும் மைக் கிடையாது, ஒரு கொம்புக்குள் பாடித்தான் பதிந்தார்கள், அதனால் மிக மேல் அதிர்வெண்களில் இசை குறைவு, உரசல் சத்தம்தான் அதிகம். அந்த மேல் பகுதியை, கீழ் அதிர்வெண்களை மட்டும் விடும் லோபாஸ் வகை வைத்து வெட்டலாம், ஆனால் காதால் கேட்டு நிதானமாக வெட்டுங்கள், கொஞ்சம் அதிகமானாலும் குரலின் உயிர் போய்விடும். ஒரு எச்சரிக்கை: ஒலி வேறு சர்வரிலிருந்து வந்து, அந்த சர்வர் சிஓஆர்எஸ் அனுமதி (வேறு தளம் தன் கோப்பைப் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல்) தரவில்லை என்றால் ஃபில்டர் வழியே மௌனம்தான் வரும், பிழை என்று பெரிதாகக் காட்டவும் காட்டாது. பொதுவுடைமைத் தட்டுகளை இறக்கி உங்கள் சர்வரில் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

இந்தத் தொகுப்பில் இனவெறி வரிகள் உள்ள பாட்டுகளும் நிறைய உண்டு. நூலகம் அதற்கு எச்சரிக்கை போட்டிருக்கிறது, உங்கள் பக்கத்திலும் அந்த எச்சரிக்கை பிளே பட்டனுக்கு மேலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்குக் கீழும் பாடியவர் பெயரும் நூலகத்தின் மூலப் பக்கத்துக்கு ஒரு லிங்கும் போடுங்கள்.