செட்டிநாட்டு வீட்டில் பெரியவர்களுக்கு உடன் தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளை அமர்த்துவது எப்படி?

ஒரு வீதியில் தலைவாசலும் அடுத்த வீதியில் பின்வாசலுமாக நீளும் செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில், இன்று எழுபது எண்பது வயதைக் கடந்த ஒருவரோ இருவரோ மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இந்த வீட்டை விட்டு வரவே மாட்டேன் என்பவர்களுக்கு வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். காரைக்குடிக்கு அருகே எங்கள் அப்பத்தாவுக்காகச் சில ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டைக் கவனித்து வருகிறேன். ஆள் வருவதற்கு முன் வீட்டையும், வந்த பின் அவருடைய உறக்கத்தையும் கவனித்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கிறது.

முதல் படி: ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

ஆள் தேடுவதற்கு முன் இரண்டு நாள் பெரியவருடன் இருந்து, எழுந்தது முதல் படுக்கும் வரை அவர் தாமாகச் செய்வது எது, கை கொடுத்தால் செய்வது எது, செய்யவே முடியாதது எது என்று எழுதுங்கள். எங்கள் அப்பத்தாவால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. ஆனால் நாற்காலியில் அமர்ந்து, மடியில் முறத்தை வைத்து, மொச்சையை உரித்துவிடுவார். அந்த முறத்தை அவரிடமிருந்து வாங்கிவிடக் கூடாது என்பதைப் புதிதாக வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். எல்லாவற்றையும் பிறரே செய்துவிட்டால், முடிந்த வேலையும் நாளடைவில் முடியாததாகிவிடும்.

ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது போன்றவை பட்டியலில் இருந்தால், பயிற்சி பெற்ற நர்ஸ் தேவை. குளிக்க வைப்பது, நடக்கத் துணை நிற்பது, வேளைக்கு உணவும் மாத்திரையும் எடுத்துத் தருவது ஆகியவற்றுக்குப் பொறுமையும் அனுபவமும் உள்ள பராமரிப்பாளரே போதும்.

இரண்டாம் படி: வீட்டைச் சுருக்குங்கள்

எங்களுக்குப் பாடம் கிடைத்தது இங்கேதான். அப்பத்தா முகப்பை ஒட்டிய அறையில் படுத்திருந்தார், கழிப்பறை பின்கட்டில். பார்த்துக்கொள்ள வந்து உடன் தங்கியிருந்த அக்கா அடுப்படிக்குப் பக்கத்து அறையில் தூங்கினார். ஒரு மழை இரவில் அப்பத்தா தனியாக எழுந்து, வானம் பார்த்த முற்றத்தில் பெய்த சாரலால் ஈரமாகியிருந்த ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் வைத்து, நிலைப்படியில் இடறி விழுந்தார். அவர் கூப்பிட்ட குரல் இரண்டு கட்டுகளைத் தாண்டி அக்காவின் காதுக்கு எட்டவில்லை. எலும்பு முறியாதது எங்கள் நல்ல காலம்.

அதன் பிறகு, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில், ஒரே பக்கத்தில் அப்பத்தாவுக்கு ஓர் அறையும், அதற்கு அடுத்து அக்காவுக்கு ஓர் அறையும், பத்தடி தூரத்தில் மேற்கத்திய முறைக் கழிப்பறையும் அமைத்தோம். உயரமான நிலைப்படிக்கு இருபுறமும் மரச்சரிவு வைத்து, போகும் வழியெல்லாம் சுவரில் கைப்பிடி பொருத்தி, இரவு முழுவதும் எரியும் சிறு விளக்குகளையும் போட்டோம். கட்டில் உயரம் முக்கியம்: உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஓரிரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்கச் செய்யுங்கள். சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதால்தான் பலர் விழுகிறார்கள்.

மூன்றாம் படி: ஆளை அமர்த்துங்கள்

ஏஜென்சி வழியாக வந்தாலும் தெரிந்தவர் சொல்லி வந்தாலும், ஆதார் நகல் வாங்கி, முன்பு வேலை பார்த்த வீட்டாரிடம் பேசி, காவல் நிலையத்தில் விவரம் கொடுத்துவிடுங்கள். நகையையும் பெருந்தொகையையும் வங்கிக்கு மாற்றிவிடுவது இருவருக்குமே நல்லது.

நான்காம் படி: உறக்கத்தையும் விடுப்பையும் முதலிலேயே பேசுங்கள்

உடன் தங்குவது என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் வேலை என்று பொருளல்ல. இரவில் தடையின்றி ஏழெட்டு மணி நேர உறக்கம், பகலில் தமக்கென்று இரண்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுப்பு, தாழிட்டுக்கொள்ளக் கூடிய தனி அறை ஆகியவற்றைச் சம்பளத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர் இரவில் மூன்று நான்கு முறை எழுவாரானாலோ, படுத்த படுக்கையாக இருந்து புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருந்தாலோ, ஒருவரால் முடியாது. இரவுக்கு இன்னொருவர் வேண்டும். வீடு கூட்டுவதையும் பாத்திரம் துலக்குவதையும் வேறொருவரிடம் விடுங்கள். ஒரு வளவைக் கூட்டித் துடைத்து முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

ஐந்தாம் படி: ஒரு நோட்டு வையுங்கள்

மாத்திரைகளை ஏழு நாள் பெட்டியில் வாரம் ஒருமுறை குடும்பத்தாரே நிரப்புங்கள். கொடுத்த நேரம், சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், மலம் கழித்தது, சாப்பிட்ட அளவு ஆகியவற்றை அன்றன்று எழுதச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அவசரக் குறிப்புகள் பெரிய எழுத்தில் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்து சர்க்கரை 70க்குக் கீழ் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, எங்களைக் கேட்டுக்கொண்டிராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். முதியோர் உதவி எண்ணான 14567ஐயும் அதே பக்கத்தில் எழுதுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருவதோடு இயன்முறை சிகிச்சையும் அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் என்பதால், இங்கே மாலை ஆறரைக்குத் தம்பி அழைக்கிறான். முதலில் அப்பத்தாவிடம் பேசுவான். அதன் பிறகு, அவர் இல்லாத இடத்தில், அக்காவிடம் தனியாக ஐந்து நிமிடம் கேட்பான்.

ஆறாம் படி: மாற்று ஆளைப் பழக்கி வையுங்கள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பராமரிப்பவரும் தம் ஊருக்குப் போக வேண்டும். மாற்றாக வருபவர் இரண்டு நாள் முன்னதாகவே வந்து, குளியலையும் இரவையும் ஒருமுறை உடனிருந்து பார்க்கட்டும். அப்பத்தாவுக்கு வெந்நீர் எந்தச் சூட்டில் வேண்டும், எந்தத் தோளைத் தொட்டால் வலிக்கும் என்பதெல்லாம் நோட்டில் இல்லை. அக்காவின் கையில்தான் இருக்கிறது.