எண்ணெய் ஆலை வேலைக்கு ஐடிஐ படிப்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் ஐடிஐயில் சேர்கிற பையன்கள் பலருடைய கணக்கு இதுதான்: நரிமணத்தில் எண்ணெய்க் கிணறு, பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை, காரைக்காலில் ஓஎன்ஜிசி எண்ணெய் நிறுவனம், எல்லாம் கூப்பிடு தூரம், சான்றிதழ் வந்ததும் உள்ளே போய்விடலாம். போக முடியாது.

முதல் தவறு, "ஆயிரக்கணக்கில் வேலை" என்ற அறிவிப்பை அப்படியே நம்புவது. பனங்குடியில் 1993-ல் தொடங்கிய சின்ன ஆலையின் இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள ஆலை கட்ட 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் சொல்லப்படும் பெரிய எண்ணிக்கை பெரும்பாலும் கட்டுமானக் காலத்துக்கானது. சாரம் கட்டுபவர், பாரம் தூக்கி நிறுத்தும் ரிக்கர், பைப் ஃபிட்டர், வெல்டர் எல்லோரும் வேலை முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான், ஆலையை ஓட்ட அதில் சிறு பங்கு ஆட்கள் போதும். எனவே ஒரே ஆலையை நம்பி டிரேடு (தொழிற்பிரிவு) எடுக்காதீர்கள். சென்னை மணலி ஆலைக்கும் குஜராத்தின் ஜாம்நகர் ஆலைக்கும் போனாலும் சோறு போடும் டிரேடா என்று பாருங்கள்.

வெல்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வருடப் படிப்பு முடித்து, தட்டையான தகட்டில் அழகாகப் பற்றவைக்கத் தெரிந்ததும் போதும் என்று நினைக்கிறார்கள். ஆலையில் கேட்பது 6ஜி என்ற குழாய் வெல்டிங் தேர்வு. குழாயை 45 டிகிரி சாய்த்து நிறுத்திவிடுவார்கள், சுழற்ற முடியாது, நீங்கள்தான் அதைச் சுற்றிக் குனிந்தும் மல்லாந்தும் பற்றவைக்க வேண்டும். பொதுவாக உள் அடுக்கு டிக்கில் (ஆர்கான் வாயு வெல்டிங்), மேல் அடுக்குகள் ஆர்க்கில் (குச்சி வெல்டிங்). அப்புறம் அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழிகள் அளவை மீறித் தெரிந்தால் ஃபெயில்தான், மதிப்பெண் பட்டியலை நீட்டிப் பயனில்லை. படிக்கும்போதே குழாயில் கை பழக்கிக்கொண்டவன் மட்டும்தான் இதில் தேறுகிறான்.

அடுத்தது அப்ரண்டிஸ், அதாவது நிறுவனத்துக்குள்ளேயே தொழில் பழகும் பயிற்சி. ஓஎன்ஜிசி மாதிரி நிறுவனங்கள் 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஆள் எடுக்கின்றன. அங்கே எழுத்துத் தேர்வு வைக்காமல் படிப்பில் வாங்கிய மதிப்பெண் வரிசைப்படி எடுக்கும் வழக்கம் இருக்கிறது. "பாஸ் ஆனால் போதும்" என்று இருந்தவர்கள் இங்கேதான் கழன்றுவிடுகிறார்கள். இன்னொரு சிக்கல், வேறெங்கோ ஒரு சின்ன இடத்தில் அப்ரண்டிஸை முடித்துவிட்டால் பிறகு பெரிய இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் போகும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முடித்தாலும் நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் அந்த ஒரு வருடம் ஆலையைக் கண்ணால் பார்த்த வருடம்.

பாதுகாப்புப் பயிற்சியைக் கேட் பாஸ் வாங்குவதற்கான சடங்கு என்று தூங்கிக் கழிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும், "இப்போ நாற்றம் இல்லையே" என்று குழிக்குள் இறங்குபவன் திரும்பி வரமாட்டான். காற்றைவிடக் கனமான வாயு, தாழ்வான இடத்தில்தான் தேங்கும். பெர்மிட் (எழுத்துபூர்வ வேலை அனுமதி) இல்லாமல் தொட்டிக்குள் இறங்கச் சொன்னால், சொன்னது யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் காண்ட்ராக்டில் போகிறவர்கள் கூலியை மட்டும் எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிஎஃப் எண், சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ் மூன்றையும் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள், காண்ட்ராக்டர் அடுத்த ஊருக்குப் போன பிறகு போனை எடுக்கமாட்டார்.

கடைசியாக வளைகுடா. விசிட் விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று சொல்பவரை நம்பவே வேண்டாம், அடிபட்டால் கேட்க நாதியிருக்காது. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், லட்சங்களில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். பதிவு எண்ணைச் சொல்ல இழுத்தடிக்கும் ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.