கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதன்முதலாகக் கால்பந்து வகுப்பு எடுக்கப் போனபோது முப்பது பேர் வந்திருந்தார்கள். பந்து மூன்றுதான் இருந்தது. மூன்று வரிசையாக நிற்கவைத்தேன். முன்னால் நிற்பவர் உதைக்க வேண்டும், ஓடிப்போய்ப் பந்தை எடுத்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருந்தது, ரேஷன் கடை மாதிரி.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உதைத்து எடுத்துவர ஒருவருக்கு இருபது விநாடி என்று வைத்துக்கொண்டாலும், அவர் கைக்கு, சரி, காலுக்கு, பந்து மறுபடி வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அரை மணி நேரத்தில் மொத்தம் ஒன்பது உதை. மிச்ச நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசியில் நின்று போன் பார்த்த ஒரு பையனைத் திட்டியிருந்தேன். அந்தத் திட்டு எனக்கு வர வேண்டியது.

இந்த வரிசைதான் எல்லாத் தவறுக்கும் தாய் என்பேன். மூன்று பந்து இருக்கிறதா? மூன்று ஆட்டம் நடத்துங்கள், ஐந்துக்கு ஐந்து. இரண்டு செருப்பை வைத்தால் கோல் ரெடி. இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் வேலூர் லாங் பஜாரில் நாலு ரப்பர் பந்து வாங்கிப் போடுங்கள். உதைக்கப் பழக அது போதும். முதல் நாளே பதினொன்றுக்குப் பதினொன்று ஆடவிடுவது இதே தவறின் இன்னொரு முகம். பெரிய மைதானத்தில் நன்றாக ஆடத் தெரிந்த நாலு பேரிடமே பந்து சுற்றிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் பாலாறு மாதிரி, பெயருக்கு இருப்பார்கள்.

அடுத்தது, கல்லூரி மாணவர்களை ஸ்கூல் பிள்ளைகளாக நினைப்பது. பத்து வயதுப் பையன் பந்தைத் தவறவிட்டு விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவான். பத்தொன்பது வயதில் கூட படிக்கிறவர்கள் முன்னால் விழுவது வேறு. ‘எங்கே, நீ செஞ்சு காட்டு’ என்று ஒருவரை மட்டும் நடுவில் நிறுத்தினால் அடுத்த வாரம் அவர் ‘காய்ச்சல் சார்’ என்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் தடுமாறும்படி பயிற்சி வையுங்கள். யாருடைய தடுமாற்றமும் தனியாகத் தெரியாது. ஆடத் தெரியாதவரைக் கோல்கீப்பராக நிறுத்துவதும், மாணவிகளை ஓரமாக நிறுத்திக் கொடி பிடிக்கச் சொல்வதும் வெளியே அனுப்பும் வேலைதான், கொஞ்சம் மரியாதையாக.

உதைக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் கால் நுனியால் குத்துவார்கள். ‘டோவால அடிக்காதே’ என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒருநாள் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து மாணவன் ஒருவன், “சார், ஷூவைக் கழட்டிடட்டா?” என்று கேட்டான். கழற்றியதும் அடித்தான் பாருங்கள், காலின் உட்புறத்தால், நேராக, மெத்தென்று. வெறுங்காலால் ஊரில் ஆடிப் பழகியவன். நுனியால் அடித்தால் நகம் பெயரும் என்று அவன் காலுக்கே தெரியும். ஷூ போட்டதும் அந்தப் பயம் போய்விடுகிறது, கூடவே அந்த அறிவும். அதிலிருந்து புல் இருக்கும் ஓரத்தில் முதல் பத்து நிமிடம் ரப்பர் பந்தோடு வெறுங்காலில் பாஸ் பழகவைக்கிறேன். முள்ளும் கண்ணாடித் துண்டும் இல்லை என்று பார்த்த பிறகு.

(1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சோடு மோதிய நம் அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில்தான் ஆடினார்கள், 2-1 என்று தோற்றோம். இன்றைய விதிப்படி போட்டியில் காலணியும், முழங்காலுக்குக் கீழே காலைக் காக்கும் ஷின்கார்டும் கட்டாயம். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரையும் ராணிப்பேட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் சாக்குச் சொல்லவும் முடியாது.)

பாஸ் சொல்லித்தரும்போது நடக்கும் இன்னொரு தப்பு, ஒரே மூச்சில் ஐந்து விஷயம் சொல்வது: ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அதன் நுனி ஆளைப் பார்க்கட்டும், கணுக்காலை இறுக்கு, பந்தின் நடுவில் அடி, தலையைத் தூக்கு. எல்லாம் சரிதான். ஆனால் இதைக் கேட்டு முடிப்பதற்குள் பந்து போய்விடும். ஒரு வகுப்புக்கு ஒன்று போதும். நான் ஊன்றும் காலில்தான் ஆரம்பிப்பேன். உதைக்கும் காலையே எல்லோரும் பார்ப்பதால் இந்தக் காலை யாரும் கவனிப்பதில்லை. அது திரும்பியிருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் பந்து போகும்.

இனி ஆஃப்சைடு, பந்து வாங்கப்போகிறவர் எங்கே நின்றால் செல்லாது என்று சொல்லும் விதி. போர்டில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு விளக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மாணவர்கள் தலையாட்டுவார்கள். மைதானத்தில் இறங்கியதும் எல்லாம் காற்றில். நான் செய்வது இது. நாலு புத்தகப் பையைத் தடுப்பாட்டக்காரர்களாக வரிசையில் வைப்பேன், பின்னால் ஒரு கீப்பர். ஒருவர் பந்தோடு, இன்னொருவர் பைகளுக்கு முன்னால். பாஸ் கொடுப்பவரின் காலில் பந்து பட்ட அந்த நொடியில் விசில். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும், போட்டோ எடுத்த மாதிரி. அந்தப் போட்டோவில் பந்தை வாங்கப்போகிறவர் எங்கே இருக்கிறார் என்பது மட்டும்தான் கேள்வி.

உறையாமல் ஓடி வாங்கவிட்டபோது ஒரு மாணவி சண்டைக்கே வந்துவிட்டாள்: “இன்னா சார், பந்து வாங்கறப்ப நான் பேகைத் தாண்டிதானே நின்னேன்? நீங்க ஆஃப்சைடு இல்லன்றீங்க?” அதுதான் விஷயம். வாங்கும்போது எங்கே நின்றாலும் சரி. பந்து கிளம்பும்போது எங்கே நின்றாள் என்பதுதான் கணக்கு. இதை ஒருமுறை உடம்பால் புரிந்துகொண்டவர்களுக்கு மிச்சத்தைச் சொல்வது சுலபம்: எதிரணியின் பாதிக்குள் இருக்க வேண்டும், பந்தையும், எதிரணியில் கடைசிக்கு முந்தைய ஆளையும்விட கோல்கோட்டுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், உடம்பில் அக்குளுக்குக் கீழுள்ள கை மட்டும் கணக்கில் வராது. இத்தனையும் சேர்ந்தால்தான் ஆஃப்சைடு நிலை. அங்கே சும்மா நிற்பதும் குற்றமில்லை, ஆட்டத்தில் தலையிட்டால்தான்.

இங்கே ‘கடைசி டிஃபெண்டர்’ என்று சொல்லிக்கொடுப்பதுதான் பரவலான தவறு. கடைசி ஆள் பெரும்பாலும் கீப்பர், அதனால் ‘கடைசி டிஃபெண்டர்’, ‘கடைசிக்கு முந்தைய ஆள்’ இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கீப்பர் முன்னேறி வந்துவிட்ட ஒரு கார்னருக்கு, அதாவது மூலையிலிருந்து அடிக்கும் உதைக்கு, பிறகு அந்தப் பாடம் கவிழ்ந்துவிடும். அதனால் ‘இரண்டு பேர்’ என்றே முதல் நாளிலிருந்து சொல்லுங்கள். 1925 வரைக்கும் அது மூன்று பேராக இருந்தது. சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்பதும் 1990-இல்தான் வந்தது. த்ரோ (பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது), கார்னர், கோல்கிக் (தன் கோலுக்கு முன்னாலிருந்து எடுக்கும் உதை) மூன்றிலிருந்தும் நேராக வாங்கும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. முதலாண்டு மாணவர்களுக்கு இதைச் சொன்னால் எங்கோ தள்ளுபடி கிடைத்த மாதிரி சந்தோஷப்படுவார்கள்.

விதி சொல்லித்தருகிறவர்களின் பெரிய சிக்கல், தாங்கள் ஆடிய காலத்து விதியையே சொல்வது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் கிக்ஆஃப் முன்னோக்கித்தான் போக வேண்டும் என்பது 2016-இலேயே போய்விட்டது, எந்தப் பக்கமும் அடிக்கலாம். கோல்கிக் கோலுக்கு முன்னால் கட்டம் போட்ட பெனால்டி ஏரியாவைத் தாண்டினால்தான் ஆட்டம் தொடங்கும் என்பது 2019-இல் மாறியது. இப்போது பந்து உதைபட்டு நகர்ந்தாலே ஆட்டம்தான். பந்தைக் கையில் வைத்திருக்கக் கீப்பருக்கு இருந்த ஆறு விநாடி 2025-இல் எட்டானது, மீறினால் எதிரணிக்குக் கார்னர். நானே 2019 மாற்றத்தை அடுத்த ஆண்டுதான் கவனித்தேன், அதுவும் ஒரு மாணவன் திருத்தியதால். வருடத்துக்கு ஒருமுறை விதிப்புத்தகத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. மொத்தமே 17 விதிகள்.

கையில் பட்டாலே ஃபவுல் என்று நினைப்பது மாணவர்களின் தவறு. அதைத் திருத்தாமல் விசில் ஊதுவது நம் தவறு. வேண்டுமென்றே கையால் தொட்டானா, கையை விரித்து உடம்பை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கினானா என்றுதான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். த்ரோவில் கையை மட்டும் கவனித்துக் காலை விட்டுவிடுகிறோம். எறியும் நேரத்தில் இரண்டு காலும் தரையில், கோட்டின் மேலோ வெளியிலோ இருக்க வேண்டும். கோட்டின் மேல் நிற்கும் பந்தை வெளியே போய்விட்டது என்று கையில் எடுத்துவிடுவார்கள், முழுப் பந்தும் தாண்டினால்தான் வெளியே.

பந்தைக் கல் மாதிரி காற்றடித்து வைப்பதையும் விட்டுவிடுங்கள். விதி அனுமதிக்கும் அழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை. நம் ஊர்க் கட்டாந்தரையில், அதுவும் பாதியைக் கிரிக்கெட்காரர்கள் உருட்டி வைத்திருக்கும் மைதானத்தில், மேல் எல்லைக்கு அடித்தால் பந்து முழங்காலுக்கு மேலேயே குதித்துக்கொண்டிருக்கும். ஒன்பது போதும். தலையால் முட்டப் பழக்கும்போதும் அதுவே நல்லது.

கடைசியாக வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டைம்டேபிள் போடுகிறவர்கள் ஏசி அறைக்குள் உட்கார்ந்து போடுவதால் மதியம் இரண்டு மணிக்கு கால்பந்து வந்துவிடுகிறது. மார்ச் பிறந்தாலே காலை வகுப்பாக மாற்றிக் கேளுங்கள். முடியாதென்றால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். பெரிய போட்டிகளிலேயே விதிப்புத்தகம் தண்ணீர் குடிக்க ஒரு நிமிடமும், வெயிலில் உடம்பு தணிய ஒன்றரை முதல் மூன்று நிமிடமும் அனுமதிக்கிறது. காலை ஆறு மணிக்கு என்றால் ஹாஸ்டல் பிள்ளைகள் ஆறேகாலுக்குத்தான் வருவார்கள், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.