பழைய மோட்டார் புல்வெட்டியை மீட்டெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் பழைய வீடுகளின் தோட்டக் கொட்டகைகளைத் திறந்தால், உடைந்த பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு கரும்பச்சை நிற இயந்திரம் ஒதுங்கி நிற்பதை இன்றும் காணலாம். 1921ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் சார்லஸ் எச். பியூ நிறுவனம் விற்கத் தொடங்கிய அட்கோ புல்வெட்டியின் வழிவந்ததாகவோ, 1950களில் ஸ்டோமார்க்கெட்டில் உருவான ‘சஃபோக் பஞ்ச்’ என்ற மாடலாகவோ அது இருக்கக்கூடும். முன்புறம் சுழலும் வெட்டு உருளை, பின்புறம் கனத்த இரும்பு உருளை, நடுவில் ஒரு சிறு பெட்ரோல் எஞ்சின், இவற்றை இணைக்கும் சங்கிலிகள் என்று இவற்றின் அமைப்பு எளிமையானது. அந்த எளிமையே மீட்டெடுப்பவரை ஏமாற்றிவிடுகிறது. துரு அரித்து வீணான புல்வெட்டிகளைவிட, மீட்டெடுக்கிறேன் என்று அவசரப்பட்டவர்களின் கையில் வீணானவையே அதிகம் என்பது என் அனுபவம்.

முதல் தவறு, இயந்திரம் கைக்கு வந்த அன்றே ஸ்டார்ட் செய்து பார்ப்பது. இருபது முப்பது ஆண்டுகள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகளைச் சுற்றி எண்ணெய்ப் படலம் இருக்காது; சிலிண்டரின் உட்சுவரில் துருப்பொடி படிந்திருக்கும்; எஞ்சின் தண்டோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை மூடியிருக்கும் தகட்டுக்குள் எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. இந்த நிலையில் கயிற்றைப் பலமாக இழுத்தால், துருப்பொடி சுவரைக் கீறும், ஒட்டிக்கொண்ட ரிங் முறியும். எஞ்சின் ஒருவேளை ஓடிவிட்டாலும், எலிக்கூடு காற்றோட்டத்தை அடைத்திருப்பதால் சில நிமிடங்களில் அளவுக்கு மீறிச் சூடேறும். ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியாகச் சிறிதளவு மெல்லிய எண்ணெயை ஊற்றி, ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில், தேவையென்றால் வாரக்கணக்கில், காத்திருக்க வேண்டும். பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டுப் பிஸ்டனின் தலையில் அடிப்பதும், கிராங்க் தண்டின் நட்டில் நீண்ட குழாயை மாட்டி நெம்புவதும் எஞ்சினைக் கொல்லும் செயல்கள்.

சோதிக்கும் முன்பே பிளக்கின் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெட்டு உருளையைக் கையால் சுழற்றும்போது எஞ்சினும் சேர்ந்து சுழலும்படி கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் ஓடாவிட்டாலும், பின் உருளையை ஒருவர் நகர்த்தும்போது முன்னால் விரலை வைத்திருப்பவரின் விரலை வெட்டு உருளையின் தகடுகள் துண்டித்துவிடும். தடித்த தோல் கையுறை இல்லாமல் வெட்டு உருளையின் அருகில் கையைக் கொண்டு செல்லவே கூடாது.

அடுத்தது ஸ்பானர் பற்றியது. அக்காலத்து ஆங்கிலேய இயந்திரங்களில் மில்லிமீட்டர் அளவு நட்டுகள் கிடையாது. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை முறையும் அதன் வழிவந்தவையுமே பெரும்பாலும் பயன்பட்டன. விட்வொர்த் ஸ்பானரின் மேல் பொறித்திருக்கும் எண், நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று, அது பொருந்தும் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. இதை அறியாதவர்கள், ஏறக்குறையப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருப்பி, நட்டின் ஆறு முனைகளையும் மழுக்கிவிடுகிறார்கள். மரையின் கோணமும் வேறு: விட்வொர்த் மரை 55 பாகை, மெட்ரிக் மரை 60 பாகை. கையில் கிடைத்த புதிய போல்ட்டைப் பழைய துளையில் முறுக்கினால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு அலுமினிய உடலின் மரையை அழித்துவிடும். பழைய ஸ்பானர்களின் ஒரு தொகுதியை வாங்குவதற்கான செலவு, அழிந்த ஒரு மரையைச் சரிசெய்யும் செலவைவிடக் குறைவு.

வில்லியர்ஸ் எஞ்சின் பொருத்தப்பட்ட புல்வெட்டிகளில் ஃப்ளைவீலைக் கழற்றுவது பலரும் இடறும் இடம். வுல்வர்ஹாம்ப்டனில் தயாரான இந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பலவற்றில், நடு நட்டே ஃப்ளைவீலை வெளியே இழுக்கும் கருவியாகவும் அமைந்திருக்கிறது. நட்டைத் திருப்பத் தொடங்கியதும் அது இளகும். சிறிது தூரம் சென்றபின் மறுபடி இறுகும். அந்த இரண்டாவது இறுக்கத்தில்தான் ஃப்ளைவீல் தண்டிலிருந்து விடுபடத் தொடங்குகிறது. நட்டு சிக்கிக்கொண்டது என்று எண்ணி, இரண்டு ஸ்க்ரூடிரைவர்களைப் பின்னால் நுழைத்து நெம்பினால், ஃப்ளைவீல் வளையும் அல்லது உடையும். பல மாடல்களில் ஃப்ளைவீலை இடத்தில் பிடித்துவைக்க ‘கீ’ எனப்படும் சிறு உலோகத் துண்டு எதுவும் இல்லை, கூம்பு வடிவத் தண்டின் இறுக்கம் மட்டுமே இருக்கிறது. ஆகவே கழற்றுவதற்கு முன் பிஸ்டனின் நிலையையும் குறிகளின் இருப்பையும் படமெடுத்து வைக்காதவர், திரும்பப் பொருத்தும்போது தீப்பொறி நேரத்தைத் தொலைத்துவிடுவார்.

தீப்பொறி வரவில்லை என்றதும், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலை மாற்றத் துணிவதும் அவசரமே. நெடுநாள் நின்ற மேக்னட்டோவில், அதாவது காந்தத்தால் பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் அமைப்பில், பெரும்பாலும் முதல் குற்றவாளி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டுகள்தாம். அவற்றின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். மிக மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, பிறகு சுத்தமான வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்துத் துடைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் சரிபார்க்க வேண்டும். வில்லியர்ஸ் மேக்னட்டோக்களுக்குப் பொதுவாக 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். அதன்பின் பார்க்க வேண்டியது, பாயிண்டுகளில் பொறி தெறிக்காமல் தடுக்கும் கன்டென்சர். உள்ளே காகிதமும் உலோகத் தாளும் சுருட்டப்பட்ட பழைய கன்டென்சர்கள் காலத்தால் ஈரம் ஏறிக் கெட்டுப்போயிருக்கும். பாயிண்டுகளுக்கிடையே கொழுத்த நீலப் பொறி தெறித்து, பிளக்கில் மட்டும் பொறி மெலிந்திருந்தால் ஐயம் அங்கேதான் எழ வேண்டும். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்றுபோகும் எஞ்சினிலோ காயிலையும் கன்டென்சரையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

எரிபொருளில் நேரும் தவறுகளுள் ஒன்று திருத்தவே முடியாதது. வில்லியர்ஸ் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். சஃபோக் பஞ்சின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாகக் கிராங்க் பெட்டியில் நிற்கும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தெரிவதால் இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஸ்கூட்டருக்குப் பெட்ரோலோடு டூ-டி ஆயிலையும் அளந்து ஊற்றிய காலத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு, வெறும் பெட்ரோலில் ஓடிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, கலவையின் அளவு. இக்காலத்து எண்ணெய்க் குப்பியின் மேல் 50க்கு 1 என்று அச்சிட்டிருப்பது இக்காலத்து எஞ்சின்களுக்கானது. புஷ்கள் எனப்படும் வெண்கலத் தாங்கி வளையங்களில் சுழலும் பழைய வில்லியர்ஸ் எஞ்சின்கள் பலவற்றுக்கு விதிக்கப்பட்ட அளவு 16க்கு 1, அதாவது ஒரு கேலன் பெட்ரோலுக்கு அரை பைண்ட் எண்ணெய். புகை குறையட்டும் என்று எண்ணெயைக் குறைப்பவர் புஷ்களைத் தேய்க்கிறார்.

பெட்ரோலும் மாறிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை ஊதச் செய்யும். தக்கையாலான உறுப்புகளின் மேல் பூசிய அரக்கைக் கரைக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் குளிர்காலம் முழுவதும் கார்புரேட்டரின் அடியில் தங்கினால் துத்தநாகக் கலவையால் வார்த்த உடலை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். எத்தனால் குறைந்த உயர்தரப் பெட்ரோலைப் பயன்படுத்துவதும், பருவம் முடிந்ததும் டாங்கையும் கார்புரேட்டரையும் வற்றவைப்பதும் நல்லது. அதே துத்தநாக உடலைக் கடும் அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்துச் சுத்தம் செய்யக்கூடாது. எரிபொருளை அளந்து விடும் பித்தளை ஜெட்டின் நுண்துளையில் இரும்புக் கம்பியை விட்டுக் குத்தவும் கூடாது. பித்தளை இரும்பைவிட மென்மையானது, துளை சிறிது பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். பெட்ரோல் இருந்த டாங்கில் ஓட்டை இருக்கிறது என்று அதை நேரடியாக வெல்டிங் செய்து அடைக்க முனைவது உயிருக்கே ஆபத்து. காலியாகத் தோன்றும் டாங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும்.

வண்ணம் பூசும் ஆர்வத்தைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. மணல் வீச்சில் எல்லாவற்றையும் பளபளக்கும் உலோகமாக்கி, கடையில் கிடைத்த பச்சையைப் பூசிவிட்டால், தயாரிப்பாளரின் எழுத்துப் பட்டைகளும் தங்கக் கோடுகளும் என்றென்றைக்குமாகப் போய்விடும். மங்கிய பழைய வண்ணத்தின் மேல் எண்ணெய்த் துணியால் துடைத்து, மெழுகு பூசிக் காப்பது எவ்வளவோ மேல். வண்ணத்தை அகற்றியே தீர வேண்டுமென்றால், பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதை மறவாமல், உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூள் பறக்கக்கூடாது. கிளட்சின் உராய்வுப் பட்டையிலும் புகைக்குழாய் பேக்கிங்கிலும் கல்நார் இருக்கக்கூடும். பிரிட்டன் கல்நாரை முழுமையாகத் தடைசெய்தது 1999இல்தான். ஆகவே ஐயத்துக்குரிய பேக்கிங்கைச் சுரண்டவோ காற்றால் ஊதவோ கூடாது. ஈரப்படுத்தி, முழுதாக எடுத்து, பையில் கட்டி அகற்ற வேண்டும்.

இனி, எல்லோரும் கடைசியில் கவனிக்கும், ஆனால் முதலில் கவனித்திருக்க வேண்டிய உறுப்பு: வெட்டு உருளை. எஞ்சின் ஓடியதும் வேலை முடிந்தது என்று கொண்டாடுகிறவர்கள் இது புல்வெட்டி என்பதை மறந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரவுட் நகரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், துணியின் மேல் நீட்டியிருக்கும் நூல்களைச் சீவும் ஆலை இயந்திரத்தைக் கண்டு 1830இல் காப்புரிமை பெற்ற கருத்து இன்றும் மாறவில்லை. சுருள் தகடுகள் ஓர் அசையாத அடித்தகட்டை உரசுவதுபோல் கடக்கும்போது, கத்தரிக்கோலைப்போல் புல்லை நறுக்குகின்றன. இரண்டு விளிம்புகளும் முழு அகலத்துக்கும் ஒரே நேர்கோட்டில் சந்தித்தாக வேண்டும். ஆங்கிள் கிரைண்டரை எடுத்துத் தகடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சாணை பிடிப்பவர் இந்த நேர்கோட்டை அழித்துவிடுகிறார்; ஒரு தகடு உயரமாகவும் மற்றொன்று தாழ்வாகவும் ஆனபின், எப்படித் திருகினாலும் அது வெட்டாது. உருளை உண்மையிலேயே மழுங்கி, ஒரு முனையில் தேய்ந்து கூம்பாகியிருந்தால், அதற்கென்றே உள்ள சாணை இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுப்பதே வழி. கார்போரண்டம் என்ற சாணைத்தூள் கலந்த பசையைத் தடவி உருளையைப் பின்னோக்கிச் சுழற்றித் தேய்ப்பது நல்ல முறைதான். ஆனால் அது நேராக இருக்கும் விளிம்பை இறுதியாக மெருகேற்றுமே தவிர, கோணலானதை நேராக்காது.

என் கைக்கு வந்த ஒரு புல்வெட்டியில் புதிய அடித்தகட்டை நானே பொருத்தி, இரண்டு மாலைகள் திருகிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் வெட்டினால் வலப்பக்கம் வெட்டவில்லை. தகடு புதிது, ஆனால் அதைத் தாங்கும் வார்ப்பிரும்பின் முகம் துருவால் மேடு பள்ளமாக இருந்தது. திருகுகளை இறுக்கியதும் தகடும் அதேபோல் வளைந்துகொண்டது. அந்த முகத்தை முதலில் சுத்தம் செய்து, தகட்டைப் பொருத்தியபின் இரண்டையும் சேர்த்தே சாணை பிடிக்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றேன். உருளையின் இருமுனைத் தாங்கிகளில் ஆட்டம் இருக்கும்போதே இடைவெளியை அமைக்க முயல்வதும் இதே போன்ற வீண்வேலை. சைக்கிள் சக்கரத்தைப்போல் குண்டுகளும் கூம்பும் கொண்ட தாங்கிகளாக இருந்தால், முதலில் அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டே அடித்தகட்டைத் தொட வேண்டும்.

இடைவெளியை அமைக்கும்போது இருபக்கத் திருகுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாகவே திருப்ப வேண்டும். உருளை அடித்தகட்டை அழுத்தி உரசிக் கத்தும்படி இறுக்குவது வலுவான வெட்டைத் தராது; உலோகத்தைச் சூடேற்றி இரண்டு விளிம்புகளையும் தின்றுவிடும். மெல்லிய தாளின் ஒரு கீற்றை இடையில் வைத்து, கையுறையோடு உருளையை மெதுவாகச் சுழற்றினால், அகலத்தின் ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு தகட்டிலும், தாள் மடியாமல் சுத்தமாக நறுக்கப்பட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடிந்தால் அங்கே விளிம்பு தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

இதற்குப் பிறகும் நேரே முழங்காலளவு புல்லுக்குள் இயந்திரத்தைத் தள்ளிவிடக் கூடாது. வெட்டு உருளை கொண்ட புல்வெட்டி உயர்ந்த புல்லுக்காகச் செய்யப்பட்டதன்று. உயரத்தைக் கூட்டி வைத்து, உலர்ந்த புல்லில், இரண்டு மூன்று முறையாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். முதல் வெட்டுக்கு முன் அந்தத் தரையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கூழாங்கற்கள், குச்சிகள், நாய் கடித்துப்போட்ட எலும்புகள் வரை எல்லாவற்றையும் கையால் பொறுக்கியெடுங்கள். புதிதாகச் சாணை பிடித்த விளிம்பில் பள்ளம் விழ ஒரு சிறு கல் போதும்.